செம்மண் பள்ளத்தில் மின்சாரக் காடி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. ஒன்று, கோலாலம்பூரில் படிக்கும் எங்கள் மகள். இன்னொன்று, எங்கள் மின்சாரக் காடி. எது முதலில், எது இரண்டாவது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வீட்டில் சண்டைதான் வந்திருக்கும்.

காடி வந்த அன்றைக்குப் பாடாங் செராயில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். அவர் கதவைத் திறப்பதும் மூடுவதும், விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக, கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி அதைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, "என்னா தம்பி, சத்தமே காணோம்லா?" என்று கேட்டார். "சத்தம் போடறதுங்களுக்கெல்லாம் சக்தி இருக்காதுக்கா," என்று சொல்லிவிட்டு இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கா புரியாது? அன்றைக்கு ராத்திரி அவருக்கு வெறும் ரசமும் சோறும்தான்.

அவருக்குக் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. நான் சுங்கை பட்டாணியில் கையுறை செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். இருபது வருசமாக எனக்கென்று ஒரு பழைய சின்ன காடி இருந்தது. அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஓட்டத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் அந்தப் புதுக் காடியின் சாவியை, சாவி என்ன சாவி, ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதை என்னிடம் கொடுப்பதென்றால் மனுசனுக்கு உயிர் போகும். கடைக்குப் போக இரண்டு மூன்று தடவை கொடுத்திருப்பார். அதற்கே வாசல் வரைக்கும் வந்து பாடம் நடத்துவார்.

"பெட்ரோல் காடில நீ மிதிச்சா அது கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் போகும். இது யோசிக்காது. உன்ன மாதிரி. கோவம் வந்தா வந்ததுதான்."

டார்க், டார்க் என்று ஒரு வார்த்தை. அது இல்லாமல் அவருக்கு அந்த நாட்களில் ஒரு வாக்கியம் பேச வராது. மோட்டார் சக்கரத்தைத் திருகுகிற பலத்துக்குப் பேர் அது. மின்சாரக் காடியில் அந்தப் பலம் மிதித்த கணமே முழுசாக வந்து இறங்கிவிடுமாம். ஒரு மழை நாளில் திகாம் பத்து ஊர் சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தார். சக்கரம் கீச்சென்று கத்தியது, காடி ஒரு துள்ளு துள்ளியது. திரையில் மஞ்சளாக ஒரு குட்டிக் காடி, அதன் பின்னால் பாம்பு மாதிரி இரண்டு கோடு, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனது. நான் சாமியைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"பயப்படாத. ரோடு ஈரமா இருந்தா டயருக்குப் பிடி கெடைக்காது, சும்மா சுத்தும். சுத்துதுன்னு தெரிஞ்ச உடனே கம்ப்யூட்டர் பவர கொறச்சிடும். அதுக்குப் பேருதான் டிராக்‌ஷன் கண்ட்ரோல். எல்லாம் அதுவே பாத்துக்கும்."

"அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு வச்சிருக்கலாமே நீங்க?"

"வச்சுப் பாத்தேன். கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு."

இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. எல்லாம் அதுவே பாத்துக்கும் என்பதை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். எதுவும் அதுவே பார்த்துக்கொள்ளாது என்று தொழிற்சாலையில் தினமும் பார்க்கிறவள் நான். மனுசன் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஒரு மிசின் ஒழுங்காக ஓடும்.

வருசத்துக்கு ஒரு தடவை நாங்கள் தோட்டத்துக்குப் போவோம். சிடாம் கிரியைத் தாண்டி உள்ளே போகிற, பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். நான் பிறந்த இடம் என்பதைத் தவிர அந்த இடத்தின் மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. தண்ணீர் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த இடம் அது. தொழிலாளர் லயத்தில் இப்போது நம் ஆட்கள் யாரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பையன்கள்தான் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழா என்றால் எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் காடி காடியாக வந்து சேரும்.

அந்த வருசம் நான் பால் குடம் எடுத்தேன். அவர் காடிக்குப் பூசை போட வேண்டும் என்று அதைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். வெளியே போகிற செம்மண் பாதைக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க வேண்டுமே! பூசாரி சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தார். என் தம்பி கைதட்டினான். திகாம் பத்துவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான், அன்னதானத்துக்கு அவன்தான் சமையல். "மச்சான், அடுத்த வருசம் இதுலயே சாமிய ஊர்வலம் கூட்டிட்டுப் போலாம்லா," என்றான்.

மத்தியானம் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, தகரக் கூரையின் கீழே பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது காதில் விழாத மழை. அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. அவர் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. மழைக்காற்று சில்லென்று அடிக்கிறது, இவருக்கு வேர்க்கிறது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வாயு. காலைல சாப்பிடல இல்ல."

உடனே வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி நெஞ்சில் காற்று எண்ணெய்த் தைலத்தைத் தேய்த்தாள். ஒருவர் சோடா கொண்டுவந்தார். பூசாரி நெற்றி நிறையத் திருநீறு பூசினார். வாயுதான், வாயுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன். இடது கை மரத்துப்போகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மலாய்க்கார அண்ணன் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆம்புலன்சுக்குப் போன் அடித்தோம். எந்த ரோடு, எந்த நம்பர் என்று கேட்டார்கள். தோட்டத்துக்கு ஏது நம்பர்? மழையில் எங்கோ விபத்து, வண்டி அங்கே போயிருக்கிறது, வரும், மெயின் ரோட்டில் வந்து காத்திருங்கள் என்றார்கள். ஒருவனை மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டுக்கு அனுப்பினோம். அதற்குள் என் தம்பி கத்த ஆரம்பித்துவிட்டான்.

"காத்துக்கிட்டு நிக்கிறதுக்கு இதென்னா பஸ்ஸா? தூக்குங்க மச்சான! அக்கா, உன் காடிதான் முன்னாடி நிக்குது, நீ எடு! சீக்கிரம் எடு!"

நான் எடுத்தேன். பால் குடம் எடுத்த மஞ்சள் சேலை, முழுக்க நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்தார்கள். தலை என் தம்பி பொண்டாட்டியின் மடியில். தம்பி முன்னால் ஏறினான். கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மெதுவா மிதி," என்றார். அந்த நேரத்திலும் காடிக்குத்தான் கவலையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கோயிலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரே பாதைதான், ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரமும் இல்லை. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் ஆழமான கால்வாய். பாதி வழியில் பாதை இறங்கி ஏறும். குலை ஏற்றுகிற லோரி போய்ப் போய் அந்த இடம் பள்ளமாகிவிட்டது. கல் கொட்டுங்கள், கல் கொட்டுங்கள் என்று எத்தனை வருசமாகச் சொல்கிறோம்! திருவிழாவுக்கு வருகிறவர்களுக்காக நிர்வாகம் எதற்குக் கல் கொட்டப்போகிறது? அவர்கள் வீட்டு ஆளா சாகிறான்?

பள்ளத்தில் செந்தண்ணீர் நின்றது. நான் இறக்கினேன். முன் சக்கரம் ஏறியது. ஏறுகிற மாதிரி இருந்தது, நின்றுவிட்டது. மிதித்தேன். அந்த மஞ்சள் குட்டிக் காடி திரையில் சிமிட்டியது. இன்னும் மிதித்தேன். சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது, காடி நகரவில்லை. தரையோடு மிதிக்கிறேன், மோட்டார் முனகக்கூட இல்லை. சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் பவரைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. அதுவே பார்த்துக்கொள்கிறதாம்! நாசமாய்ப் போக!

பின்னால் கிளம்பி வந்த காடிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. எங்களைத் தாண்டி எதுவும் போக முடியாது. தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் பூட்டிக்கிடக்கிறது. சாவி மெனேஜரிடம், மெனேஜர் லீவில். மற்ற எல்லாக் காடியையும் விட்டுவிட்டு என் காடியில் ஏற்றினோம், அதுவே இப்போது பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் என் பெரியப்பா மகன் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் பெரிய அண்ணன். எந்த விசயத்திலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

"முன்னாடி வெயிட்டு பத்தல. நாலு பேரு மேல ஏறுங்க!"

சேற்றில் மாட்டிய காடியை எடுக்கத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்கள் ஆட்கள் ஓட்டிய சின்ன காடிகளில் எல்லாம் முன் சக்கரம்தான் இழுக்கும். அதனால் மாட்டினால் நாலு பேர் முன் மூடியின் மேல் ஏறி உட்காருவார்கள், பாரத்தில் சக்கரம் மண்ணைப் பிடிக்கும், காடி ஏறிவிடும். நானே சின்ன வயதில் அப்படி ஏறி உட்கார்ந்து போயிருக்கிறேன். முதலில் தம்பி இறங்கிப் போய்த் தாவி ஏறினான். அப்புறம் மூன்று பேர். கண்ணாடி முழுக்க அவர்கள் முதுகுதான் தெரிந்தது. முன் சக்கரத்துக்கு அடியில் செம்பனை மட்டையை வெட்டிப் போட்டார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு செய்கிறார்களே, வந்துவிடும், வந்துவிடும் என்று எனக்கு ஒரு தைரியம்கூட வந்தது.

"மிதிம்மா!" என்றார் அண்ணன்.

மிதித்தேன். சிமிட்டியது. அசையவில்லை.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மழையில் சரியாகக் கேட்கவில்லை. தம்பி பொண்டாட்டி குனிந்து கேட்டுச் சொன்னாள். "அக்கா, அத ஆஃப் பண்ணச் சொல்றாங்க."

"எத?"

"டிராக்‌ஷன்," என்றார் அவரே.

அது எங்கே இருக்கிறது? பழைய காடியென்றால் எதற்கும் ஒரு பித்தான் இருக்கும், அழுத்தினால் முடிந்தது. இதில் எல்லாம் திரைக்குள். திரையைத் தொட்டேன், அசையவில்லை. ஈரக் கையை அதற்குத் தெரியவில்லை. சேலையில் துடைத்தேன். சேலையும் ஈரம். சீட்டில் தேய்த்தேன், தலையில் தேய்த்தேன், ஊதினேன். ஒரு பக்கம் திறந்தால் பாட்டு வருகிறது. இன்னொரு பக்கம் திறந்தால் கதவுக்கு என்ன நிறத்தில் விளக்கு வேண்டும் என்று கேட்கிறது. ஐயோ, என் புருசன் சாகிறான், உனக்கு விளக்கா முக்கியம் என்று அதைப் பார்த்து அழுதேன். கடைசியில் கிடைத்தது. ஆஃப் செய்யட்டுமா, ஆபத்து, சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன்.

மிதித்தேன், என் பயம் எவ்வளவோ அவ்வளவும் சேர்த்து.

அப்போதுதான் அந்த டார்க் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஊளைச் சத்தம். காடி முன்னால் போகவில்லை, அப்படியே கீழே இறங்கியது. ரப்பர் கருகுகிற நாற்றம். காலை எடுக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. எடுத்தபோது காடியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. பின் சீட்டில் அவர் ஒரு மாதிரி முனகினார். அந்த முனகலை நான் எழுத மாட்டேன்.

"பாரம் ஜாஸ்தி," என்றார் அண்ணன். "மாப்பிள்ளைய எறக்குங்க. காடி வெளிய வந்ததும் ஏத்திக்கலாம்."

"எறக்காதீங்க!" என்று கத்தினேன். "மழைல எறக்காதீங்கண்ணே!"

"நீ காடியப் பாரும்மா. ஸ்டீரிங்க விடாத."

கோயில் திருவிழாவுக்கு அடித்த பெரிய பேனரை யாரோ கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதைச் செம்பனை மரத்தடியில் விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள். மேலே ஒரு கறுப்புக் குடை. தம்பி பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து குடையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஜன்னல் வழியாகக் குடை தெரிந்தது, அவர் காலும் தெரிந்தது. இறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பு துடிக்கிறது. இறங்கினால் யார் மிதிப்பது? இந்தக் காடியை அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் தொட்டதுகூடக் கிடையாது. தாயே, காலையில்தானே உனக்குக் குடம் எடுத்தேன், கண் அவிந்தா போயிற்று உனக்கு என்று கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் திட்டினேன். யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று சத்தமாகவே திட்டினேன்.

தம்பி மேலேயிருந்து குதித்துப் பின்னால் தள்ளப் போனான். அவன் இடத்தில் இன்னொருவன் ஏறிக்கொண்டான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு! மிதிக்கா!"

மிதித்தேன். ஊளை. பின்னால் ஒரு அலறல். திரும்பிப் பார்த்தேன். தம்பி தலை முதல் இடுப்பு வரை செஞ்சேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துப்பிக்கொண்டு, காடியின் பின் சக்கரத்தையே முறைத்துப் பார்க்கிறான்.

"அடப்பாவிகளா! பின்னாடி டயருதான் சுத்துது! பின்னாடி! முன்னாடி என்னா மயித்துக்கு ஏறி ஒக்காந்திருக்கீங்க!"

"காடின்னா முன்னாடிதான்டா இழுக்கும்," என்றார் அண்ணன்.

தம்பி பெரியவர் சின்னவர் பார்க்கவில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, மேலே இருந்தவர்களை இறக்கிவிட்டு, முன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே எஞ்சின் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் சார்ஜ் போடுகிற வயர் சுருட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான். மோட்டார் பின்னால் இருக்கிறது. நாலு தடியன்கள் முன்னால் ஏறி உட்கார்ந்து, பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பின் சீட்டில் பாரமாக இருந்த மனுசனையும் இறக்கி மழையில் போட்டிருக்கிறோம். எல்லாமே தலைகீழ். சிக்னலில் துள்ளியபோது பின்பக்கம்தானே ஆடியது? அப்போது நானும்தானே உள்ளே உட்கார்ந்திருந்தேன்? இதை ஏன் ஒருவரும், நான்கூட, யோசிக்கவில்லை? அண்ணன் மண்டி போட்டுக் கையால் சேற்றைத் தோண்ட ஆரம்பித்தார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மழையில் யாருக்குத் தெரியும்?

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மண்வெட்டி வந்தது. பின் சக்கரங்களுக்கு முன்னால் தோண்டிச் சரிவு வெட்டினார்கள். அன்னதானத்து அரிசிச் சாக்குகளை மடித்து அடியில் கொடுத்தார்கள். நான் மிதித்ததும் ஒரு சாக்கு கவண் கல் மாதிரி பறந்துபோய்ப் பின்னால் இருந்த மரத்தில் அடித்தது.

"மெதுவாக்கா! ஒன் கால அடக்கிக்கிட்டு மிதி!"

மறுபடி சாக்கு வைத்தார்கள். "எல்லாரும் பின்னாடி ஏறுங்க," என்று தம்பி கத்தினான். பின் கதவைத் தூக்கிவிட்டு மூன்று பேர் சாமான் வைக்கிற இடத்தில் ஏறிக் குந்தினார்கள். தம்பி மரத்தடிக்கு ஓடினான். குடைக்குள் குனிந்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

"டேய், என்னாடா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அவன் நிமிர்ந்தான். "ஒண்ணுமில்லக்கா. தூக்குறோம்."

மூன்று பேராக அவரைத் தூக்கிவந்து பின் சீட்டில் ஏற்றினார்கள். தம்பி அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் காலைப் பிடித்துக்கொண்டான். தம்பி பொண்டாட்டி ஏறவில்லை. குடையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள். இடமில்லை என்று நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூச்சு விடுறாராடா?"

"நீ ரோட்டப் பாருக்கா."

நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். வெறுங்காலை அந்த மிதியில் வைத்தேன். தூங்குகிற பிள்ளையின் வயிற்றில் கை வைத்து மூச்சு பார்ப்போமே, அவ்வளவு மெதுவாக அழுத்தினேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. நிறுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பின்னால் இருந்த பாரம் சக்கரத்தை மண்ணோடு வைத்து அமுக்குவது இடுப்பில் தெரிந்தது. சாக்கைப் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கோபத்தையும் அழுகையையும் எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டைவிரலால் மட்டும் அந்தக் காடியை ஓட்டினேன். அது அழுதுகொண்டே தவழ்கிற பிள்ளை மாதிரி பள்ளத்திலிருந்து ஏறியது. வெளியே நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பட்டதே இல்லை.

"வந்துருச்சுங்க! ஏங்க, வந்துருச்சு!" என்று பின்னால் பார்த்துச் சொன்னேன். கண்ணாடியில் தலைகள்தான் தெரிந்தன. அவர் முகத்தைத் தம்பியின் தோள் மறைத்திருந்தது.

மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனவன் நனைந்துகொண்டு தனியாக நின்றான். ஆம்புலன்ஸ் வரவில்லை. அங்கே சாமான் இடத்தில் இருந்த மூன்று பேரும் இறங்கிப் பின் கதவைச் சாத்தினார்கள். நான் அதற்கு மேல் நிற்கவில்லை, சுங்கை பட்டாணிப் பக்கம் திருப்பினேன். தார் ரோட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்துவிட்டது. இனிமேல் யார் தடுக்கிறார்கள், பார்ப்போம். அவர் பெருமையடித்த அத்தனை பலமும் இதற்குத்தானே! மிதித்தேன்.

டிராக்‌ஷன் கண்ட்ரோலை நான் திரும்பப் போடவில்லை. ஈர ரோட்டில் பின் சக்கரம் சுழன்றது, காடியின் வால் எதிர்ப்பக்கத்து லேனுக்குள் வீசியது. எதிரே வந்த லோரி ஹாரன் அடித்தது. எப்படியோ திருப்பி நேராக்கினேன். மறுபடி மிதித்தேன்.

"மெதுவாப் போக்கா," என்றான் தம்பி.

கோயிலில் இருந்து இந்த நிமிசம் வரை சீக்கிரம், சீக்கிரம் என்று தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். இப்போது கத்தவில்லை. சாப்பாட்டுக் கடையில் வயசானவர்களிடம் பேசுகிற மாதிரி, தணிந்த குரலில் சொன்னான்.

"மெதுவாவே போக்கா. அவசரம் இல்ல."

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தேன். முன் கண்ணாடியில் வைப்பர் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது.

"அவசரம் இல்லன்னு யாருடா சொன்னா?" என்று கத்தினேன். "அவசரந்தான்! வாய மூடிக்கிட்டு அவரப் பிடிச்சுக்க!"

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிற ஆள்தானே. சுங்கை பட்டாணி போய்ச் சேரும் வரைக்கும் நான் கேட்கவே இல்லை.